தடவிப் பார்த்து வாங்குங்கள்

சென்னை நந்தனத்தில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் விமான நிலையம் போய்விடலாம். வெளியூர்ப் பேத்திக்கு ஏதாவது வாங்க வேண்டுமே என்ற நினைப்பு வருவதும் அங்கே போன பிறகுதான்! பெரு நாட்டுக்கு அல்பாக்கா கம்பளி என்றால், நமக்கு நீலகிரித் தோடர் சால்வை. வெள்ளைப் பருத்தித் துணியில் கோடு எதுவும் வரையாமல், இழையை எண்ணி எண்ணியே பெண்கள் சிவப்பு, கறுப்பு நூலால் போடும் பூவேலை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. விலை கேட்குமுன் தடவிப் பாருங்கள். கைவேலை என்றால் குட்டிக் குட்டி நூல் வளையங்கள் விரலில் தட்டுப்படும். அச்சடித்த நகல் வழவழவென்று இருக்கும். சந்தேகமாக இருந்தால் பையிலே போடாதீர்கள். வாங்கினால் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.