ஒரே தோணியில் ஏறிய மனிதர்

பாய்மரத் தோணியிலே பெருங்கடலைக் கடக்க எண்ணும் ஒருவர் முதலில் தேடவேண்டியது எது? உறுதியான தோணியா, கிழியாத பாயா, அன்றி உடன்வரும் மனிதரா? தோணி பழுதுற்றால் திருத்தலாம். பாய் கிழிந்தால் தைக்கலாம். நடுக்கடலிலே மனம் முறிந்த இருவரைப் பொருத்திவைக்கும் வித்தையை எந்தத் தச்சரும் அறியார். கோபித்துக்கொண்டு இறங்கிப் போவதற்கு அங்கே கரையும் இல்லை. ஆதலால் ஆட்களைத் தேர்வதே இத்தகைய பயணத்தின் முதற்பணியாகும். இதனை விளக்கும் இரு வரலாறுகளை நாம் இங்கே நோக்குவோம்.

நோர்வே நாட்டவரான தோர் ஹெயர்டால், 1947 ஆம் ஆண்டில் ஐந்து தோழருடன் கொன்-டிக்கி என்னும் மிதவையிலே பசிபிக் சமுத்திரத்தில் 101 நாட்கள் பயணஞ் செய்து புகழ்பெற்றவர். பண்டை எகிப்தியரின் நாணற் படகு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்க வல்லதா என்று அறிய அவர் விரும்பினார். 1969 இல் பாப்பிரஸ் நாணலைக் கட்டி, 15 மீற்றர் நீளமான படகொன்றை அமைத்து, சூரியதேவனின் பெயரால் அதற்கு ‘ரா’ என்று பெயரிட்டார்.

அவர் சேர்த்த குழுவினரைப் பாருங்கள். எழுவர்; ஏழு நாட்டவர். கடலோடும் தொழிலை நன்கறிந்தவர் அமெரிக்கரான நோர்மன் பேக்கர் ஒருவரே. இத்தாலியரான கார்லோ மௌரி மலையேறுபவர். எகிப்தியரான ஜோர்ஜ் சூரியல் நீர்மூழ்குவதிலே வல்லவர். கடலே இல்லாத சாட் நாட்டிலிருந்து வந்த அப்துல்லா ஜிப்ரின், நாணற் படகின் இயல்பை அறிந்தவர். மெக்சிக்கோவிலிருந்து மானிடவியல் அறிஞரான சந்தியாகோ ஹெனோவேஸ் வந்தார். வைத்தியர் ஒருவரைத் தந்துதவுமாறு ஹெயர்டால் சோவியத் விஞ்ஞானக் கழகத்துக்கு எழுதியபோது, அவர் பிறமொழி அறிந்தவராகவும் நகைச்சுவை உணர்வு உடையவராகவும் இருத்தல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவ்வண்ணமே யூரி சென்கேவிச் என்னும் இளம் வைத்தியர் வந்து சேர்ந்தார்.

அமெரிக்காவும் சோவியத் நாடும் பகைமை பாராட்டிய காலம் அது. எகிப்தும் இஸ்ரேலும் பொருதி இரண்டாண்டுகளே சென்றிருந்தன. படகிலோ யூதரான பேக்கரும் எகிப்தியரான சூரியலும் அருகருகே உறங்கினர். நிறமும் சமயமும் வேறான மனிதர் நெருக்கடியான சிற்றிடத்திலும் ஒற்றுமையாய் வாழ முடியும் என்று காட்டவே ஹெயர்டால் இவ்வாறு செய்தார். படகிலே ஐக்கிய நாடுகள் சபையின் கொடி பறந்தது.

மொறொக்கோவின் சாஃபி துறைமுகத்திலிருந்து மே மாதம் 25 ஆந் திகதி படகு புறப்பட்டது. முதல் நாளே சுக்கான் துடுப்புகள் முறிந்தன. நாளடைவிலே பின்புறம் நீரில் அமிழ்ந்தது. ஏறக்குறைய 5,000 கிலோமீற்றர் சென்றபின், கரை அண்மிய வேளையில், படகைக் கைவிட நேர்ந்தது. ஆயினும் அடுத்த ஆண்டு ‘ரா 2’ புறப்பட்டபோது, அந்த எழுவரில் அறுவர் மீண்டும் ஏறினர்! ஜப்பானியர் ஒருவரும் மொறொக்கோ நாட்டவர் ஒருவரும் புதிதாய்ச் சேர்ந்தனர். 57 நாட்களில் அவர்கள் பார்படோஸ் தீவை அடைந்தனர். ஒருமுறை படகிழந்தவர் மறுமுறையும் அதே தோழரை நம்பி ஏறினார்கள் என்றால், ஆள் தேர்ந்த திறமைக்கு வேறு சாட்சி வேண்டுமோ?

இரு பயணங்களிலும் பங்குகொண்ட ஹெனோவேஸ் பின்னர் வேறொரு வழியிலே சிந்தித்தார். மனிதர் ஏன் சண்டையிடுகின்றனர் என்பதை ஆராய, 1973 இல் அக்காலி என்னும் இரும்பு மிதவையை அமைத்தார். பாய் உண்டு, இயந்திரம் இல்லை. பத்திரிகை விளம்பரத்தின் மூலம் ஆட்களைத் தேடி, தம்முடன் பதினொருவராக ஐந்து ஆண்களையும் ஆறு பெண்களையும் ஏற்றினார். வெவ்வேறு நாட்டவரை, வெவ்வேறு சமயத்தவரை, பிணக்கு மூளட்டும் என்றே பொறுக்கியெடுத்தார். ஆண்களின் மனம் புகையட்டும் என்று தலைமைப் பொறுப்பையும் வைத்தியப் பொறுப்பையும் பெண்களிடம் கொடுத்தார்.

கனரித் தீவுகளிலிருந்து மெக்சிக்கோ வரை 101 நாட்கள் சென்றன. அவர் எதிர்பார்த்த சண்டை மூளவில்லை. வேறு வேறாய் வந்தவர்கள் நண்பராயினர். சலிப்புற்ற அவர் அவர்களைத் தூண்டிவிட முயன்றார். தலைவியின் பொறுப்பையும் தாமே பறித்தார். முடிவிலே எல்லோருடைய கோபமும் அவர்மீதே திரும்பியது. அவரைக் கொன்றுவிடலாமா என்ற எண்ணங்கூடத் தம்மிடையே எழுந்ததென்று அப்பயணிகள் 2018 இல் வெளிவந்த விவரணத் திரைப்படம் ஒன்றிலே கூறினர்.

இரு குழுவினரும் பல நாட்டவரே. இரு குழுவினரும் ஒரே சமுத்திரத்தையே கடந்தனர். வேறுபாடு எங்கே? ஒருவர் தம்மையும் எழுவரில் ஒருவராக எண்ணித் தோழரைச் சேர்த்தார். மற்றவரோ தாம் விலகி நின்று, ஏனையோரை ஆய்வுப் பொருளாக நோக்கினார்.

மாணவர் ஒரு சங்கத்தை அமைக்கும்போதும், குடும்பத்தார் கூடி ஒரு காரியத்தைத் தொடங்கும்போதும் நாம் இதனை நினைவிற்கொள்ளுதல் நன்று. தக்கார் யாவர் என்று பிறரை அளந்து பார்ப்பது எளிது. அவர்களோடு ஒரே தோணியில் அமரத் தாம் தக்கவரா என்று ஆட்சேர்ப்பவர் முதலிலே தம்மைக் கேட்டுக்கொள்வாராக.