பற்றரி வேண்டாத பேஸ் கிட்டார்

நான்கு தந்தி, பாஸிவ் வகை, ஜாஸ் பேஸ் அமைப்பு

அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸையும், 1960இல் கழுத்து ஒடுங்கிய ஜாஸ் பேஸையும் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்த கலைஞர்களுக்குத் தோளில் மாட்டும் கருவி கிடைத்தது.

ஒலி பிறக்கும் விதம்: தந்திகளுக்குக் கீழே இரண்டு பிக்கப்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் காந்தங்களைச் சுற்றி, மயிரிழை போன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். தந்தி அதிர்ந்தால் சுருளில் சிறு மின்சாரம் பிறக்கும். அது பற்றரியின் துணையின்றி நேரே அம்ப்ளிஃபயருக்குப் போகும். மிகத் தடித்த தந்தி வினாடிக்குச் சுமார் 41 முறை அதிரும்.

குமிழ்கள்: இரண்டு வொலியூம், ஒரு டோன். டோன் குமிழ் கூர்மையைக் குறைக்கும்; கூட்டாது. இரண்டு வொலியூமையும் முழுதாகத் திறந்தால் பிக்கப்களின் ரீங்கார இரைச்சல் அடங்கும்.

வாசிப்பு: பிரிட்ஜ் அருகே மீட்டினால் ஒலி இறுகும், கழுத்துப் பக்கம் மீட்டினால் உருண்டு கனக்கும். விரலின் சிறு அழுத்தமும் அப்படியே காதுக்கு எட்டும். நல்ல பாஸிவ் கருவியின் மதிப்பு அதில்தான்.

இளையராஜாவின் திரைப்பாடல்களில் பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணை நிற்பதோடு தனி மெட்டாகவும் நடக்கும். அவருடைய குழுவில் நெடுங்காலம் வாசித்தவர் சசிதரன்.

இலங்கையின் பெரகல சந்தியில் அப்புத்தளை பஸ் ஏறும்போது இளையராஜாவின் பாட்டு ஒலித்தால், பாடகரின் குரலை விட்டு அடியில் ஓடும் தந்தியைப் பின்தொடர்ந்து கேளுங்கள்.