சரக்கு வண்டியின் பிரேக்: உரிமையாளர் அறிய வேண்டியவை

ஒட்டன்சத்திரம் காந்தி காய்கறி மார்க்கெட்டின் வியாபாரம் சக்கரத்தின் மேல் நடக்கிறது. பாச்சலூர், தாண்டிக்குடி மலைகளிலிருந்து சரக்கு இறங்குகிறது. தக்காளியும் முருங்கையும் கேரளத்துக்குப் போகின்றன. எடையையும் விலையையும் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கும் வியாபாரிகள் பலர், வண்டியின் பிரேக் என்றால் "அது டிரைவர் பாடு, மெக்கானிக் பாடு" என்று விட்டுவிடுவதுண்டு. ஆனால் ரிப்பேருக்குப் பணம் கொடுப்பதும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதும் உரிமையாளர்தான். எனவே பிரேக்கின் கோளாறுகளை நாமும் ஓரளவு அறிந்திருப்பது அவசியம்.

பிரேக் எப்படிப் பிடிக்கிறது?

சிறிய சரக்கு வண்டிகளில் பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைக் குழாய் வழியே தள்ளுகிறது. அந்த அழுத்தம் முன்சக்கரத்தில் பேடை டிஸ்க்கின் மீதும், பின்சக்கரத்தில் லைனரை டிரம்மின் மீதும் அழுத்துகிறது. ஓட்டத்தின் சக்தி அங்கே உஷ்ணமாக மாறுவதால் வண்டி நிற்கிறது. பாரம் இரண்டு மடங்கானால் இந்த உஷ்ணமும் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானாலோ உஷ்ணம் நான்கு மடங்கு. மலை இறக்கத்தில் ஓவர்லோடு வண்டி ஏன் ஆபத்து என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

அறிகுறியும் காரணமும்

1. பெடல் பஞ்சு போல் அமுங்குகிறதா? குழாயில் காற்று புகுந்திருக்கிறது. காற்றை எடுக்க வேண்டும். அது எந்த வழியாகப் புகுந்தது என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

2. இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் பிடிக்கிறதா? லைனர் தேய்ந்திருக்கலாம், அல்லது அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கலாம்.

3. அழுத்திப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்லக் கீழே இறங்குகிறதா? எங்கோ ஆயில் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்துவிட்டது. அந்த வண்டியில் அன்று லோடு ஏற்றக் கூடாது.

4. வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? மறுபக்கச் சக்கரம் சரியாகப் பிடிக்கவில்லை. லைனரில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கலாம், சிலிண்டர் இறுகியிருக்கலாம். முதலில் டயர்களில் காற்று சமமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

5. இரும்பு உரசும் சத்தம் வருகிறதா? லைனர் முழுதும் தேய்ந்து ரிவெட் டிரம்மைக் கிழிக்கிறது. லைனர் செலவோடு டிரம் செலவும் சேரும்.

6. ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுடுகிறதா? பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரிட்டர்ன் ஸ்பிரிங், ஹேண்ட் பிரேக் கேபிள், ஹோஸ் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

பூஸ்டரைச் சோதிக்க எளிய வழி உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு, பெடல் கெட்டியாகும்வரை சில முறை மிதியுங்கள். பிறகு காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரிலோ அதன் வாக்குவம் குழாயிலோ கோளாறு.

ஆயிலில் சிக்கனம் வேண்டாம்

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தரமான டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 டிகிரியாகக் குறைகிறது. டாட் 4 வகைக்கு இவை 230, 155. இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் வெறுமையாகக் கீழே போகும். அடிவாரத்தில் நன்றாகப் பிடித்த பிரேக் மலையில் கைவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆயிலை முழுவதும் மாற்ற வேண்டும். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் கப்புகள் ஊதிப் பிரேக்கே கெட்டுவிடும். திறந்து நாள்பட்ட டப்பாவும் உதவாது.

மலை இறக்கத்தில்

டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். இக்கால எஞ்சின்களில் அப்போது டீசல் செலவும் அநேகமாக நின்றுவிடும். நியூட்ரலில் மிச்சம் ஏதுமில்லை, பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. எஞ்சினை அணைத்தாலோ சில மிதிகளில் பூஸ்டரின் உதவியும் போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்குவது நல்லது. கருகிய வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிட வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்.

லாரி உரிமையாளர்களுக்கு

ஏர் பிரேக் வண்டியில் மீட்டரில் தேவையான அழுத்தம் ஏறாமல் நகரக் கூடாது. டேங்கில் தேங்கும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட வேண்டும். எஞ்சினை நிறுத்தியதும் காற்று மளமளவென்று இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது.

2019 சட்டத் திருத்தத்தின்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். இரண்டு பெட்டி கூடுதலாக ஏற்றிக் கிடைக்கும் லாபம் இதற்கு ஈடாகாது. வண்டியில் போகிற டிரைவரின் உயிருக்கோ விலையே கிடையாது.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டுப் போட்டு, ஆயில், லைனர் மாற்றிய தேதிகளைக் குறித்து வைப்போம். ஓணம் சீசனுக்கு முன்பே வண்டிகளைச் சோதித்து விடுவோம். பிரேக் சரியில்லை என்று டிரைவர் சொன்னால், "இந்த ஒரு நடை மட்டும்" என்று அனுப்பாமல், அன்றே ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புவோம்.