விழுந்த மரம் விறகல்ல... அறுக்கும் முன் கவனிக்க வேண்டியவை!

2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ம் தேதி, வர்தா புயல் சென்னையை ஒட்டிக் கரையைக் கடந்தபோது திருவள்ளூர் மாவட்டத்திலும் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. மீஞ்சூர், பழவேற்காடு பகுதி மக்களுக்குப் புயல் புதிதல்ல. ஒவ்வொரு முறையும் வேம்பு, பூவரசு, மா என்று விழுபவை பெரும்பாலும் விறகு விலைக்கே போகின்றன. நல்ல வேப்ப அடிமரம் விறகானால் சில நாள் அடுப்பெரியும். பலகையானால் வீட்டுக்குக் கதவும் நிலையும் ஆகும். எதுவாகும் என்பது முதல் சில நாள்களிலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் உயிர்... பிறகு மரம்!

வேரோடு சாய்ந்த மரத்தின் அடியை அறுத்ததும், மண்ணோடு நிற்கும் வேர்ப்பகுதி சட்டென்று பின்னால் சாய்ந்து குழியை மூடிவிடலாம். குழிக்குள் யாரும் நிற்கக் கூடாது. குழந்தைகளை அருகில் விடவே கூடாது. வளைந்து அழுத்தத்தில் இருக்கும் கிளைகளை அனுபவமுள்ளவர்தான் வெட்ட வேண்டும்.

நீளமும் கணக்கும்

என்ன செய்யப்போகிறோம் என்று முடிவு செய்த பிறகே துண்டு போட வேண்டும். 7 அடிக் கதவுக்கு 7 அடியிலேயே வெட்டினால், முனை வெடித்ததும் கதவுக்கு நீளம் போதாது. 4 முதல் 6 அங்குலம் கூடுதலாக விடுங்கள்.

விற்பதானால் கன அடிக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். மரத்தின் நடுப்பகுதிச் சுற்றளவை நான்கால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்குவது மர வியாபார வழக்கம். 4 அடிச் சுற்றளவு, 8 அடி நீளம் என்றால் 8 கன அடி. உருளைக் கணக்குப்படி அதில் 10 கன அடிக்குச் சற்று அதிகமாகவே மரம் இருக்கும். எந்தக் கணக்கில் விலை என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வெடிப்பும் பூச்சியும்

ஈரம் வெட்டுமுகங்கள் வழியாகத்தான் வேகமாக வெளியேறும். வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். வெட்டிய அன்றே இரண்டு முனைகளிலும் கெட்டியாகப் பெயின்ட் அல்லது மெழுகு பூசுங்கள். கட்டைகளைத் தரையில் போடாமல், குறுக்குக் கட்டைகள் மேல் நிழலில் வையுங்கள். மா மரத்தில் சீக்கிரமே நீலம் பாயும். அதை முதலில் அறுத்துவிடுங்கள்.

நல்ல தண்ணீர்க் குளத்தில் முழுக்க அமிழ்த்தி வைத்தால் வெடிப்பும் பூச்சியும் குறையும். ஆனால், பழவேற்காடு ஏரியின் உப்புத் தண்ணீரில் போடாதீர்கள். படகுகளைத் துளைக்கும் கப்பல் புழு உங்கள் மரத்தையும் துளைத்துவிடும்.

ரம்பத்தைக் காப்பாற்றுங்கள்

இடத்துக்கே வரும் நகரும் அறுவை இயந்திரத்தில் கட்டை அசையாமல் கிடக்கும்; மெல்லிய பட்டை ரம்பம்தான் தண்டவாளத்தில் நகர்ந்து அறுக்கும். பட்டையில் ஒட்டிய மணல்கூட ரம்பத்தை மழுக்கிவிடும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்; முடிந்தால் பட்டையை உரித்துவிடுங்கள். வலை கட்டிய ஆணி, துணிக்கொடிக் கம்பி, வேலிக் கம்பி ஆகியவற்றைத் தேடி எடுங்கள். கிளைக்கணுக்களைச் சமமாகச் செதுக்குங்கள். இயந்திரம் நிற்க மேடு பள்ளமில்லாத இடம் வேண்டும்.

அறுத்த பலகைகளுக்கு இடையே ஓர் அங்குலக் குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்று நேராக வருமாறு வைத்து, காற்றோட்டமான நிழலில் அடுக்குங்கள்.

தேக்கு, சந்தனம், ஈட்டி போன்றவற்றுக்கு வனத்துறை விதிகள் உண்டு. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி தேவை என 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. விசாரித்துவிட்டே கை வையுங்கள்.

மரம் அறுப்பதில் சந்தேகமா? மரத்தின் பெயர், சுற்றளவு, விழுந்த நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள்.