கத்தரிப் பூவில் தேன் இல்லை

கத்தரிப் பூவின் நடுவில் மஞ்சளாகக் கூம்பி நிற்பவை மகரந்தப் பைகள். அவை வெடித்துத் திறப்பதில்லை. ஒவ்வொன்றின் நுனியிலும் ஊசித்துளை அளவே வழி. காற்று அசைத்தால் மகரந்தம் கொஞ்சம் உதிரும். நீலப்பட்டைத் தேனீ வந்தால் நிறைய உதிரும். அது பூவைக் கவ்விப் பிடித்து, பறக்கும் தசைகளை அதிர வைக்கும். இது அதிர்வு மகரந்தச் சேர்க்கை. பெட்டியில் வளர்க்கும் தேனீயால் இது முடியாது. தக்காளியும் இப்படித்தான்.

ஆனால் இரண்டு பூவிலும் தேன் இல்லை. நீலப்பட்டைத் தேனீக்குப் பறக்கத் தேன் வேண்டும். அது மண்ணைக் குடைந்து முட்டைக்கு ஓர் அறை அமைக்கிறது. புழு தின்ன, மகரந்தத்தைத் தேனில் பிசைந்து அதில் வைக்கிறது. அந்தத் தேனுக்கு அது போகும் செடிகளில் ஒன்று தும்பை.

தும்பைப் பூ ஒரு சென்டிமீட்டர் இருக்கும். கீழுதடு வெள்ளைத் திண்ணைபோல் விரிந்திருக்கும். மேலுதடு மயிரடர்ந்த குல்லாய், மகரந்தம் அதற்குள். தேனீ திண்ணையில் உட்கார்ந்து குழலுக்குள் நாக்கை விட்டால், மகரந்தம் அதன் தலையில் ஒட்டும். பூ உதிர்ந்தபின் புல்லிக் கிண்ணத்தில் மிஞ்சுவது அதிகபட்சம் நான்கு விதை. தும்பை ஓராண்டுச் செடி. விதை விழாவிட்டால் அடுத்த மழைக்கு முளைக்க எதுவும் இல்லை.

தும்பை வளரும் இடம் வரப்பு, தரிசு, மேய்ச்சல் புறம்போக்கு. ஐ.நா.வுக்கு இந்தியா அளித்த கணக்கின்படி, 2005-இல் நாட்டின் புல்வெளி 1.8 கோடி ஹெக்டேர், 2015-இல் 1.23 கோடி. 1877-இல் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலம் அடர்ந்த இடத்தில் அடியில் புல்கூட எழும்புவதில்லை.

தும்பைக்கு மிஞ்சியது வரப்பு. அங்கே கிளைஃபோசேட் களைக்கொல்லி தெளிக்கப்படுகிறது. இந்தியாவில் அதற்கு அனுமதி தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லா நிலத்துக்கும் மட்டுமே. தும்பை நிற்பது பயிரில்லா நிலத்தில். பூக்கும்முன் மருந்து பட்டால் விதை இல்லை. 2018-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள்: வளர்ப்புத் தேனீயின் குடலில் வாழும் நன்மை செய்யும் பாக்டீரியாக்களை இதே மருந்து குறைக்கிறது; அவை குறைந்த தேனீக்கள் நோய்க்கு எளிதில் பலியாகின்றன. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணிக்கு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே கிளைஃபோசேட்டைத் தெளிக்கலாம் என்று ஆணையிட்டது.

நீலப்பட்டைத் தேனீ கூட்டைவிட்டு வெகுதூரம் போவதில்லை. கத்தரி நட்டிருப்பவர்கள், வரப்புத் தும்பையை விதை உதிரும்வரை விட்டுவையுங்கள்.