மாடி வீட்டில் இரண்டாவது ஷவர்

மேல்மாடியில் வாழ்வார் பலர்க்கு ஒரு வியப்பு உண்டு. தொட்டியோ தலைக்கு நேர் மேலே இருக்கின்றது. ஆயினும் ஷவரைத் திருகினால் நீர் மழையாய்ப் பொழியாது, சொட்டுச் சொட்டாய் விழுகின்றது. கீழ்வீட்டாரோ குறையின்றிக் குளிக்கின்றனர். காரணம் எளிது. நீரின் அழுத்தம் தொட்டியின் பருமனைப் பற்றியதன்று. நீர்மட்டத்துக்கும் ஷவரின் வாய்க்கும் இடைப்பட்ட உயரத்தையே பற்றியது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் உண்டாகும். மொட்டைமாடியில் மூன்றடி மேடைமேல் வைத்த தொட்டிக்கும் அதன் கீழுள்ள ஷவருக்கும் இடையே 2 மீட்டர் தேறினால் அதுவே பெரிது, கிடைப்பது 0.2 பார். இக்குறையை நீக்கவே தொட்டியினின்று இறங்கும் குழாயில் சிறு அழுத்தப் பம்பு ஒன்றை இணைக்கின்றனர்.

ஒரு ஷவருக்கென அமைத்த பம்பிலேயே மற்றொன்றையும் சேர்க்கலாமோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. எம் இல்லத்தில் ஆராயாமலே சேர்த்தோம். ஒருநாட் காலை எம் பாட்டியார் வெந்நீரும் தண்ணீரும் கலந்து நீராடிக்கொண்டிருக்கையில், யான் அடுத்த அறையில் தண்ணீர் ஷவரைத் திறந்தேன். மறுகணம் அவர் அலறினார். தோள் சிவந்துவிட்டது, நல்லகாலமாகக் கொப்புளம் எழவில்லை.

நிகழ்ந்தது இதுவே. பாட்டியார் அறைக்குச் செல்லும் தண்ணீர்க் குழாயினின்றே என் அறைக்குக் கிளை எடுத்திருந்தனர். கீசருக்குரிய குழாயோ பம்பின் அருகிலிருந்து தனியே வந்தது. யான் திறந்தவுடன் பொதுக்குழாயில் நீரோட்டம் மிகுந்தது. ஓட்டம் இருமடங்காயின் உராய்வால் இழக்கும் அழுத்தம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். தண்ணீர் தளர்ந்தது; வெந்நீர் தளரவில்லை; ஆதலின் கலவை சுட்டது.

பழுது பம்பினுடையதென்றே முதலில் எண்ணினோம். புதிய பம்பு வாங்கியிருப்பின் பணமே வீணாயிருக்கும். செய்ய வேண்டியது, பம்பை அடுத்து முக்கால் அங்குலத் தாய்க்குழாய் ஒன்றை இட்டு, அதனின்று ஒவ்வோர் அறைக்கும் தனிக்கிளை பிரித்து, அறைக்குள் வந்த பின்னரே கீசருக்கும் தண்ணீருக்கும் வழி பகுத்தலாம். அரை அங்குலக் குழாயினும் முக்கால் அங்குலக் குழாயில் உராய்விழப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கீசரின் வெப்பத்தையும் 50 பாகையளவில் நிறுத்துதல் நன்று; 60 பாகை நீர் சில வினாடிகளிலே தோலைப் புண்ணாக்கும்.

கீசரைப் பற்றி இன்னும் ஒன்று. தொட்டிநீர் தானே இறங்கிவரும் வீடுகளில், வெந்நீர்க் குழாயினின்று காற்றுப் போகத் திறந்த குழாயொன்றை மொட்டைமாடிக்கு மேலே விட்டிருப்பர். பம்பு வைத்தபின் அதனை அப்படியே விட்டால் நீர் அவ்வழியே பீறிட்டு ஓடும். அதற்காக அதனை வெறுமனே அடைத்துவிடுதலும் பேதைமையே. கீசர் பம்பின் அழுத்தத்தைத் தாங்கவல்லதா என்று பார்த்து, மிகையழுத்தத்தை வெளிவிடும் வால்வு பொருத்திய பின்னரே அடைத்தல் வேண்டும்.

பம்பு போதுமா என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரு ஷவருக்கு நிமிடத்துக்கு 9 லிட்டர் எனின் இரண்டுக்கு 18. ஆனால் பம்பின் தகட்டிற் பொறித்த பேரளவு நீரும் பேரளவு உயரமும் ஒருங்கே கிடைப்பன அல்ல. நீர் மிகுந்தால் அழுத்தம் குறையும், அழுத்தம் உச்சத்தை எட்டுகையில் நீர் ஒரு துளியும் வாராது. கடைக்காரர் இதனைச் சொல்வதில்லை! 18 லிட்டர் ஓடும்போது எத்துணை அழுத்தம் நிற்கும் என்பதையே கேட்டு வாங்குக.

பம்பைத் தெருக்குழாயோடு நேரே பூட்டலாகாது; அது வெடிப்புகளின் வழியே சாக்கடை நீரையும் உறிஞ்சக்கூடும். தொட்டி வறண்டால் தானே நிற்கும் மிதவை ஸ்விட்சும் வேண்டும்.

குழாய்களை மாற்றிய அன்று, இளஞ்சூடாக ஓடிய பாட்டியாரின் ஷவரின்கீழ் யானே கைவைத்து நின்றேன். தம்பி அடுத்த அறையில் முழுதும் திறந்தான். தாரை சற்றே மெலிந்தது, சூடு மாறவில்லை.