பதுளை நீதிமன்றப் பதிவேடுகளும் தோட்டத்து முன்னோரும்

ஊவாப் பெருந்தோட்டங்களில் வாழும் ஒருவரை நோக்கி, 'உம்முடைய பாட்டனார் எங்கே பிறந்தார்?' என வினவுவது வெறும் ஆர்வத்தால் எழும் வினாவன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அதனைச் சட்டத்தின் வினாவாக்கிற்று. அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாளுக்கு முன்னர் இலங்கையிற் பிறந்த ஒருவர், வழித்தோன்றல் முறையாற் குடிமகனாவதற்குத் தம் தந்தையார் இங்கு பிறந்தவர் என்றேனும், தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இங்கு பிறந்தவர்கள் என்றேனும் காட்டவேண்டியிருந்தது. ஆயின், இந்நாட்டில் பிறப்பு இறப்புப் பதிவு 1867இலே தொடங்கி, 1897இலேதான் கட்டாயமாயிற்று. 1948இல் நடுவயதினராயிருந்த ஒருவரின் தந்தையார் பிறந்தபோது பதிவு கட்டாயமன்று. பூட்டனார் பிறந்தபோதோ அப்பதிவேடே இல்லை. அரசு தான் எழுதிவையாத ஏட்டை ஏழையிடம் கேட்டது என்பதே இதன் பொருள்.

1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கித்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ எட்டே கால் இலட்சம் பேர் விண்ணப்பித்து, ஏறத்தாழ 1,34,000 பேரே ஏற்கப்பட்டமையும், 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் ஒப்பந்தத்தின் பின் குடும்பங்கள் இரு கரைகளுக்கும் பிரிந்தமையும் யாவரும் அறிந்தவை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அந்நாள் முதல் இங்கு வதிந்தோருக்கும் அவர்தம் வழியினருக்கும் குடியுரிமை வழங்கியதால் சட்டத்தின் வினா ஓய்ந்தது. குடும்பத்தின் வினா ஓயவில்லை. யார் வந்தார், எவ்வூரிலிருந்து வந்தார், எத்தோட்டத்தில் மடிந்தார் என்பன இன்றும் பலருக்குத் தெரியா.

வெள்ளைத் தோட்டக்காரருக்கு இவ்விடர் இல்லை. 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்த மேஜர் ரொஜர்சின் நினைவாகப் பதுளையில் சென் மார்க் தேவாலயம் நிற்கின்றது. இலங்கையிலுள்ள இத்தகையோரின் கல்லறைச் சாசனங்களை ஜே. பென்றி லூயிஸ் 1913இல் நூலாகவே தொகுத்தளித்தார். தேயிலைச் செடியின் கீழ்ப் புதைக்கப்பட்டவனுக்குக் கல்லுமில்லை, நூலுமில்லை. அவன் பெயர் எங்கேனும் எஞ்சியிருப்பின், அவன்மீதோ அவனைச் சார்ந்தோர்மீதோ வழக்கொன்று நடந்ததனாலேயே பெரும்பாலும் எஞ்சியிருக்கும். ஆகவே நாம் நீதிமன்ற ஏடுகளை நாடவேண்டியவராகின்றோம்.

அவற்றுள் முதன்மையானவை மாவட்ட நீதிமன்றத்தின் மரணசாதன வழக்கேடுகளாகும். பெயர் அவ்வாறிருப்பினும், மரணசாதனம் எழுதாது இறந்தோரின் சொத்துக்களும் இவ்வழக்குகளிலேயே நிருவகிக்கப்பட்டன. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி, குறித்த பெறுமதிக்கு மேற்பட்ட சொத்தை விட்டு ஒருவர் இறப்பின், உரித்தாளர் ஒருவர் மன்றில் மனுச்செய்தல் வேண்டும். மன்று வழங்கும் இடைக்காலக் கட்டளை அரசாங்க வர்த்தமானியில் வெளியிடப்படும். அவ்வறிவித்தலில் வழக்கிலக்கம், இறந்தவர் பெயர், அவர் வதிந்த தோட்டம் அல்லது ஊர், மனுதாரர், எதிர்மனுதாரராகக் காட்டப்படும் ஏனைய உரித்தாளர், வயதுவராப் பிள்ளைகளின் பாதுகாவலர் ஆகிய விபரங்கள் வருவதால், அது பல வேளைகளில் ஒரு குலமுறைப் பட்டியலாகவே அமைந்துவிடுகின்றது. பதுளைக்குப் போகுமுன் வர்த்தமானியைப் புரட்டுவதே நன்று.

தேசவழமை யாழ்ப்பாணத்தாருக்குரியது, தோட்டத் தமிழரின் முதுசம் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தையும் உரோமன் டச்சுச் சட்டத்தையும் தழுவியே பங்கிடப்பட்டது. துணைவிக்குப் பாதி, எஞ்சிய பாதி ஆண் பெண் பேதமின்றிப் பிள்ளைகளுக்கு. இவ்விதியால் பெண்களின் பெயர்கள் ஏட்டிலேறின என்பதை நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும். பிறவிடங்களில் 'இன்னாரின் மனைவி' என்றளவில் மறைந்துபோன ஒருத்தி, இங்கே மனுதாரராக நின்று சத்தியக்கடதாசி முடிக்கின்றாள். தோட்டத்துத் திருமணங்கள் பல பதிவு செய்யப்படாதவை. எனவே எதிர்வழக்காடுவோர் இருப்பின், அவள் எங்கே எப்போது தாலிகட்டப்பெற்றாள், எவ்வெவர் அங்கிருந்தனர் என்று சாட்சியம் எடுக்கப்படும். வேறெந்த ஏட்டிலும் காணவியலாத செய்திகள் இவை: சொந்தவூர், வந்த காலம், முன்னிருந்த தோட்டங்கள். எனினும் சாட்சி கூறுவோர் ஒவ்வொருவருக்கும் சொத்திலே கண்ணுண்டு. ஒருதலைக் கூற்றை வரலாறாகக் கொள்ளற்க.

இவ்விடத்தே ஒரு பெரிய இடர்ப்பாட்டைச் சற்று விரித்துரைத்தல் தகும். சாட்சி தமிழிற் கூறினான். ஏடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. பெரியப்பன் மகனையும் சின்னம்மா மகனையும் நாம் அண்ணன் என்றும் தம்பி என்றுமே சொல்கின்றோம். மொழிபெயர்ப்பாளர் அதனை உடன்பிறந்தான் என்று பெயர்த்தால், ஒரே தந்தைக்கு ஏழெட்டு ஆண்மக்கள் தோன்றிவிடுவர். தாய்மாமன், அத்தை கணவன், பெண் கொடுத்தவன் ஆகிய மூவரும் நம் நாவில் 'மாமா'. ஆங்கில ஏட்டில் ஒருவன் தந்தையின் உடன்பிறப்பாகவும் மாறிவிடலாம். குடும்ப மரம் வரைவோர் பலர் தடுமாறுவது இங்கேதான். மனுவிலுள்ள உறவுச்சொல்லை மட்டும் நம்பாது, அவருக்குப் பங்கு கொடுக்கப்பட்டதா என்பதைப் பங்கீட்டிற் பார்க்க. உண்மைத் தம்பியாயின், பிள்ளைகள் இருக்கும்போது அவனுக்குப் பங்கு வாராது. பிள்ளைகள் இல்லாவிடத்துத்தான் அவன் முன்னே வருவான்.

பெயரெழுத்தும் தொல்லை தருவதே. கறுப்பன் என்னும் பெயர் பழைய அகரவரிசையில் 'கே' எழுத்தின் கீழ் இல்லையாயின் 'சி' எழுத்தின் கீழ்த் தேடவேண்டும். சின்னையா 'சி' யிலும் வருவார், 'எஸ்' இலும் வருவார். தோட்டத்துக்குத் தொழிலாளர் வழங்கிய பெயர் ஒன்று, துரையின் கடிதத்தலைப்பிலுள்ள பெயர் வேறொன்றாக இருத்தலும் உண்டு. பாட்டி சொன்ன பெயரை வைத்து ஆங்கிலப் பட்டியலில் தேடி, அப்படியொரு தோட்டமே இல்லை என முடிவுகட்டல் ஆகாது.

சாதாரணத் தொழிலாளிக்கு மரணசாதன வழக்கு நடத்துமளவுக்குச் சொத்தேது எனக் கேட்கலாம். பெரும்பாலோருக்கு இல்லை. வழக்கு நடந்தது கங்காணிமாருக்கும், கடைக்காரருக்கும், செட்டிமாருக்குமே. ஆயினும் அவர்தம் சொத்து விபரப் பட்டியலை ஒதுக்கிவிடலாகாது. இறந்தவருக்கு வரவேண்டிய கடன்களும் அதிற் காட்டப்படல் வேண்டும் என்பது விதி. பெரிய கங்காணி ஒருவரின் பட்டியலில், நகை, மாடு, காணி என்பவற்றை அடுத்து, அவரிடம் முற்பணம் பெற்ற ஆட்களின் கடன் வருமிடத்தில் நம் முன்னோன் நிற்கக்கூடும். பிறனொருவனின் சொத்தாக எழுதப்பட்ட தொகைக்குப் பக்கத்திலே அவன் பெயர்.

இக்கடனே துண்டுமுறையின் அடிப்படை. இத்தனை ரூபா கடனைத் தீர்த்தால் இக்கங்காணியையும் ஆட்களையும் விடுவிப்பேன் எனத் துரை எழுதிக்கொடுத்த சீட்டே துண்டு. மற்றொரு துரை அக்கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வான். ஆதலால் தோட்டத்தைப் பின்பற்றித் தேடுவோர் வழிதவறுவர். கங்காணியைப் பின்பற்றுவோரே முன்னேறுவர். பசறையிலிருந்து காணாமற்போன குடும்பம் நமுனுகுலையிலோ மடுல்சீமையிலோ அதே கங்காணியின் கீழ் மீண்டும் தோன்றலாம். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் துண்டை ஒழித்தது.

அதே சட்டம் இன்னொன்றையும் ஒழித்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச்சட்டத்தின் கீழ், முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளி குற்றவாளி. மூன்று மாதம்வரை மறியல் விதிக்கலாம். பொலிசு நீதிமன்ற ஏடுகளில் நம்மவர் பெயர்கள் ஏறியமைக்கு இது பெருங்காரணம். சம்பளம் நிலுவையிலிருந்தது என்பது எதிரியின் எதிர்வாதங்களுள் ஒன்றாதலால், நிலுவைத் தொகையும் மாதக்கணக்கும் அங்கே பதிவாகும். முன்னோன் ஒருவன் மறியலுக்குப் போனான் எனக் கண்டு நாணுவோர் உளர். அவன் செய்த குற்றம் வேலையை விட்டு நடந்தது. அவ்வளவே.

மேன்முறையீட்டுக்குப் போன வழக்குகள் 1890களின் நடுப்பகுதி தொட்டுப் புதிய சட்ட அறிக்கைகள் என்னும் தொகுதிகளில் வெளிவந்தன. அங்கே பதுளை நீதிமன்றம் எனக் குறித்து மூல இலக்கமும் தரப்பட்டிருக்கும். காணி இருந்த குடும்பமாயின், நொத்தாரிசு முடித்த உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்தில் இருத்தல் வேண்டும். உரித்து வந்த வழியைக் கூறுமிடத்தில் மரணசாதன வழக்கின் இலக்கத்தையே உறுதி சுட்டுவதுமுண்டு.

1983 ஆடியில் பதுளை நகரில் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, தகரப்பெட்டிகளில் இருந்த உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் எரிந்தன. அவ்வாறு இழந்த குடும்பத்தார் தம்மிடம் ஒன்றுமில்லை எனக் கைவிடுவதைக் காண்கின்றோம். இழந்தவை பிரதிகளே. மூலம் வேறிடத்தில் இருக்கலாம். வழக்கிலக்கமும் ஆண்டும் கையிலிருந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். இலக்கமின்றிப் பெயரை மட்டும் கூறி நிற்பவருக்கு ஏட்டறையில் எவரும் உதவுதல் அரிது. அவ்விலக்கம் வர்த்தமானியில் உள்ளது.